எரிந்த கப்பல்களும் ஒரு குளமும்: தளேகாவிலிருந்து பார்க்கும் கடல் வரலாறு

புனேயிலிருந்து மும்பை செல்லும் வழியில், தக்காண மேட்டுநிலத்தில் அமைந்த ஊர் தளேகாவ் தாபாடே. கடலுக்கும் இவ்வூருக்கும் இடையே சகியாத்ரி மலைத்தொடர் நிற்கிறது. விடுமுறை நாள்களில் இங்கிருந்து மக்கள் லோணாவளாவையும் கண்டாலாக் கணவாயையும் கடந்து கொங்கணக் கரைக்கு இறங்குகின்றனர். மும்பைத் துறைமுகத்தில் படகேறுவதும், கடல் வற்றும் வேளையில் அலிபாக் கரையிலிருந்து கொலாபாக் கோட்டைக்கு நடந்து செல்வதும் அவர்களின் பொழுதுபோக்குகள்.

பழைய பாணியில் கட்டப்பட்ட பாய்மரக் கப்பலில் ஒரு பகல் பயணம் செய்வது இன்று உலகின் பல துறைமுகங்களில் விடுமுறைக் கேளிக்கையாகிவிட்டது. பயணிகள் கயிறு இழுக்கின்றனர். பாய் விரிவதைப் பார்க்கின்றனர். கடற்கொள்ளையர் கதைகளைக் கேட்கின்றனர். அக்கதைகளின் ஆங்கில மரபில் நெடுங்காலம் இடம்பெற்ற பெயர்களுள் ஒன்று ‘ஆங்க்ரியா’. கொலாபாவின் ஆங்கரே குடும்பத்தை ஆங்கிலேயர் அழைத்த பெயர் அது. இந்திய மரபில் அதே குடும்பம் மராட்டியக் கடற்படையின் பெருமையாகப் போற்றப்படுகிறது. கொள்ளையர் என்ற கதையும் வீரர் என்ற கதையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆயினும் இரண்டும் ஒரே செய்தியை விட்டுவிடுகின்றன. ஆங்கரேயின் கப்பல்கள் எரிந்தபோது ஆங்கிலேயர் தனியாக வரவில்லை. புனேயின் ஒப்பந்தத்தோடு வந்தனர். அந்த ஒப்பந்தம் எங்கிருந்து பிறந்தது என்பதை அறிய, கடற்கரையைவிடத் தளேகாவே பொருத்தமான தொடக்கம்.

1. தரைத்தலைவரும் கடல்தலைவரும்

சிவாஜியின் காலத்தில் உருப்பெற்ற மராட்டிய அரசில் பதவிகள் பல. அவற்றுள் தரைப்படைத் தலைமையைக் குறித்தது சேனாபதி. கடற்படைத் தலைவர் பெற்ற பட்டம் சர்கேல். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாகு சத்ரபதியின் ஆட்சியில், சேனாபதி பதவி தளேகாவின் கண்டேராவ் தாபாடேயிடம் இருந்தது. அவர் 1717இல் அப்பதவியைப் பெற்றார். ஊரின் பெயரில் ஒட்டியிருக்கும் ‘தாபாடே’ இக்குடும்பத்தைக் குறிப்பதே. தளேகாவுக்கு அருகில் இந்திராயணி ஆற்றங்கரையில் உள்ள இந்துரிக் கோட்டை அவர்களின் செல்வாக்குக்கு இன்றும் எஞ்சிய சான்று. சர்கேல் பட்டம் கான்ஹோஜி ஆங்கரேயிடம் இருந்தது. கொலாபா, சுவர்ணதுர்க், விஜயதுர்க் முதலிய கடற்கோட்டைகள் அவர் கைவசம் இருந்தன.

மலையும் கடலும் அப்போது தனித்தனி உலகங்களாக இருக்கவில்லை. சாகுவுக்கும் தாராபாய்க்கும் இடையிலான வாரிசுப் போட்டியில் கான்ஹோஜி முதலில் தாராபாய் பக்கம் நின்றார். 1713இல் அவருடைய படை மலையேறி வந்து, லோணாவளாவுக்கு அருகிலுள்ள லோஹகட் கோட்டையைக் கைப்பற்றியது. சாகுவின் பேஷ்வாவான பஹிரோபந்த் பிங்களேயும் சிறைப்பட்டார். அவருக்குப் பின் பேஷ்வாவான பாலாஜி விஸ்வநாத், போரை விடுத்துப் பேச்சுவார்த்தையை நாடினார். லோணாவளாப் பகுதியில் 1714இல் முடிவான உடன்பாட்டின்படி கான்ஹோஜி சாகுவை ஏற்றார். சர்கேல் பட்டமும் கடற்கரைக் கோட்டைகளும் அவருக்கு உறுதியாயின. லோஹகட் பேஷ்வாவிடம் சேர்ந்தது.

இந்த உடன்பாட்டின் தன்மையைக் கவனிக்க வேண்டும். கடல்தலைவர் பேஷ்வாவின் ஊழியராகவில்லை. இருவரும் சத்ரபதிக்குக் கீழ்ப்பட்ட, ஏறத்தாழ நிகரான அதிகாரிகளாகவே இருந்தனர். தளேகாவின் சேனாபதிக்கும் அதே நிலைதான். ‘மராட்டியப் பேரரசு’ என்று பாடநூல்கள் ஒற்றைச் சொல்லால் குறிப்பிடும் அமைப்பு, உண்மையில் இத்தகைய பரம்பரை உரிமைகளின் கூட்டாகவே இயங்கியது.

2. குராபும் கலிவாத்தும்

ஆங்கரேயின் வலிமை கோட்டைகளில் மட்டும் இல்லை. கப்பலின் அமைப்பிலும் அதைச் செலுத்திய முறையிலும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இவற்றை விரிவாக வருணித்துள்ளார்.

முதன்மைப் போர்க்கப்பல் குராப். அரபு மொழியில் காகத்தைக் குறிக்கும் சொல்லே இக்கப்பலுக்கும் பெயராயிற்று. பெரும்பாலான குராபுகளுக்கு இரண்டு பாய்மரங்கள், பெரியவற்றுக்கு மூன்று. மூன்று பாய்மரக் குராப் சுமார் 300 டன்னும், இரண்டு பாய்மரக் குராப் சுமார் 150 டன்னும் கொண்டது. நீளத்துக்குப் பொருந்தாத அளவு அகலமான உடல். முன்பகுதி வரவரக் குறுகி, நீண்ட மூக்குப்போல் நீட்டி நிற்கும். அம்மூக்கின் மேலாக முன்னோக்கிச் சுடும் பீரங்கிகளே இதன் தனிச்சிறப்பு.

கலிவாத் அதனினும் சிறியது. 70 டன்னைத் தாண்டுவது அரிது. பெரிய முக்கோணப் பாயும், 40 முதல் 50 வரை துடுப்புகளும் அதற்கு உண்டு. காற்று வீழ்ந்து கடல் அசைவற்றிருக்கும்போது ஐரோப்பியப் பெருங்கப்பல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அவ்வேளையில் கலிவாத்துகள் துடுப்பின் வலிமையால் குராபைக் கயிறு கட்டி இழுத்துச் சென்று, எதிரிக் கப்பலின் பின்புறத்தில் நிறுத்தும். ஐரோப்பியக் கப்பலின் பீரங்கிகளில் பெரும்பாலானவை இரு பக்கங்களிலும் வரிசையாக அமைந்தவை. பின்புறத்திலிருந்து வரும் குராபை அவற்றால் எட்ட இயலாது. குராபின் மூக்குப் பீரங்கிகளோ நேராகச் சுடும். முதல் இலக்கு பாய்மரங்களும் கயிறுகளும். கப்பல் செயலற்றுப்போனதும் கலிவாத்துகளிலிருந்து வீரர்கள் ஏறுவார்கள்.

கரையோரக் காற்றையும் கழிமுகங்களையும் அறிந்த கப்பல்காரர்களின் அறிவு இதில் செயல்பட்டது. கொங்கணத்தின் கோலி, பண்டாரி சமூகத்தினர் இக்கப்பல்களில் பெருமளவில் பணிபுரிந்தனர். கான்ஹோஜி வணிகக் கப்பல்களிடம் அனுமதிச் சீட்டுக்குக் கட்டணம் கேட்டார்; சீட்டில்லாத கப்பல்களைப் பிடித்தார். இதையே கொள்ளை என்றனர் ஆங்கிலேயர். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து போர்த்துகீசியர் நடத்திவந்த ‘கர்த்தாஸ்’ முறையும் இதுவே. சீட்டை வழங்குபவர் யார் என்பதைப் பொறுத்து, ஒரே செயல் வரியாகவும் கொள்ளையாகவும் பெயர் மாறியது. 1721இல் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் சேர்ந்து கொலாபாவைத் தாக்கினர், தோல்வியுடன் திரும்பினர்.

மும்பையின் ஆங்கிலேயர் பின்னர்த் தங்கள் படையிலேயே குராபுகளைச் சேர்த்துக்கொண்டனர் என்பது, இவ்வடிவத்தின் தகுதியை எதிரியே ஒப்புக்கொண்டதற்குச் சான்று.

3. 1731, 1756: ஒரே செயலின் இரு முகங்கள்

கான்ஹோஜி ஆங்கரேயும் கண்டேராவ் தாபாடேயும் 1729ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். அதற்குப் பின் இருபத்தேழு ஆண்டுகளில் இரு குடும்பங்களின் தனி அதிகாரமும் முடிவுக்கு வந்தது.

முதலில் தளேகாவ். குஜராத்தின் சௌத் வரியைத் தண்டும் உரிமை தாபாடே குடும்பத்துக்கு உரியதாகக் கருதப்பட்டது. அதில் பேஷ்வா முதலாம் பாஜிராவ் தலையிட்டபோது, கண்டேராவின் மகன் சேனாபதி திரியம்பகராவ் எதிர்த்தெழுந்தார். 1731 ஏப்ரல் 1 அன்று குஜராத்தின் டபோய் அருகே நடந்த போரில் அவர் கொல்லப்பட்டார். சாகுவின் சமரசத்தால் சேனாபதி பட்டம் திரியம்பகராவின் தம்பி யஷ்வந்தராவுக்குச் சென்றது. ஆனால் அதிகாரம் பட்டத்துடன் செல்லவில்லை. குடும்பத்தின் சார்பில் செயல்பட்டவர் கண்டேராவின் மனைவி உமாபாய். 1750–51இல் அவர் தாராபாயுடனும் தாமாஜி கெய்க்வாடுடனும் இணைந்து பேஷ்வாவை எதிர்த்தார். அம்முயற்சி தோற்றது. தாமாஜியும் தாபாடே குடும்பத்தினரும் சிறைப்பிடிக்கப்பட்டு லோஹகட்டில் வைக்கப்பட்டனர். கடல்தலைவர் 1714இல் விட்டுக்கொடுத்த கோட்டை, தரைத்தலைவரின் குடும்பத்துக்குச் சிறையாயிற்று.

அடுத்து விஜயதுர்க். கான்ஹோஜியின் மக்களிடையே பிளவு ஏற்பட்டது. கொலாபா மானாஜியிடமும், தெற்குக் கோட்டைகள் சம்பாஜியிடமும், அவருக்குப் பின் துளாஜியிடமும் இருந்தன. பேஷ்வாக்கள் மானாஜியை ஆதரித்தனர். துளாஜியோ பேஷ்வாவுக்குக் கட்டுப்பட மறுத்தார். கடலிலும் கரையிலும் அண்டையரைத் தாக்கினார். அவரைத் தரைவழியே மட்டும் அடக்க இயலாத நிலையில், பேஷ்வா நானாசாகேபின் தரப்பு 1755 மார்ச்சில் மும்பை ஆங்கிலேயருடன் ஒப்பந்தம் செய்தது. மராட்டியத் தரப்பில் இதை நடத்தியவர் கொங்கணத்தின் அதிகாரி ராமாஜி மகாதேவ். அடுத்த மாதமே வில்லியம் ஜேம்ஸ் தலைமையிலான கப்பல்கள் சுவர்ணதுர்க்கை வீழ்த்தின.

1756 பிப்ரவரியில் அட்மிரல் சார்லஸ் வாட்சனும் ராபர்ட் கிளைவும் விஜயதுர்க்கின் முன் வந்தனர். கழிமுகத்தில் ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தப்பட்டிருந்த ஆங்கரேயின் கப்பல்களுள் ‘ரெஸ்டோரேஷன்’ என்பதும் ஒன்று. அது முன்னர் ஆங்கிலேயரிடமிருந்து பிடிக்கப்பட்டது. வெடிகுண்டு ஒன்று அதன்மேல் விழுந்து தீப்பற்றியது. தீ அடுத்தடுத்த கப்பல்களுக்குத் தாவியது. சில மணி நேரத்தில், கான்ஹோஜியின் காலம் முதல் அரை நூற்றாண்டாகப் பெருகிய கடற்படை சாம்பலாயிற்று. பிப்ரவரி 13 அன்று கோட்டை வீழ்ந்தது. துளாஜி மராட்டியரிடம் சரணடைந்து, இறக்கும்வரை சிறையிலேயே இருந்தார். கோட்டையில் கிடைத்த சுமார் 10 இலட்சம் ரூபாய்ப் பொருளை ஆங்கிலேயர் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். கோட்டையை ஒப்படைக்கவும் தாமதித்து, பின்னர் பாண்கோட்டைப் பெற்றுக்கொண்டே விட்டனர்.

டபோயும் விஜயதுர்க்கும் வெவ்வேறு நிகழ்ச்சிகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. ஒன்று குஜராத் வரலாற்றிலும் மற்றொன்று கடற்படை வரலாற்றிலும் இடம்பெறுகின்றன. தளேகாவிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே செயலின் இரு கட்டங்கள். சத்ரபதியின் கீழ் நிகராக நின்ற பதவிகளைப் பேஷ்வா தம் ஆளுகைக்குள் கொண்டுவந்த செயல் அது. முதல் கட்டத்தில் அவருக்குத் தம் குதிரைப்படையே போதுமானதாயிருந்தது. இரண்டாம் கட்டத்தில் கடல் குறுக்கிட்டது. கடலில் வலிமை பெற்றிருந்த வேற்றாரை அழைக்க நேர்ந்தது.

4. தளேகாவ் குளம், 1779

மும்பை ஆங்கிலேயரின் தரைப்படை ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் தளேகாவுக்கே வந்தது. பேஷ்வா பதவிக்குப் போட்டியிட்ட ரகுநாதராவைப் புனேயில் அமர்த்துவது அதன் நோக்கம். 1778 நவம்பரில் மும்பைத் தீவிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ 3,900 பேர், துறைமுக நீரைக் கடந்து பன்வேலில் இறங்கினர். வண்டிகளும் ஆயிரக்கணக்கான பொதிமாடுகளும் உடன்வந்தன. ஆங்கரேயின் கப்பல்கள் ஒரு காலத்தில் அச்சுறுத்திய அந்நீரில் இப்போது அவர்களைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் எதுவும் இல்லை.

தடை மலைமேல் தொடங்கியது. நானா பட்னவீசும் மகாத்ஜி சிந்தியாவும் வகுத்த திட்டப்படி மராட்டியப் படை நேரடிப் போரைத் தவிர்த்து, பக்கங்களில் தொடர்ந்து தாக்கியது. வழியிலுள்ள தானியமும் தீவனமும் அகற்றப்பட்டன. ஜனவரி 4 அன்று கார்லா அருகே கேப்டன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கொல்லப்பட்டார். ஜனவரி 9 அன்று தளேகாவை அடைந்த ஆங்கிலேயர் கண்டது, ஆளில்லாமல் எரிக்கப்பட்டிருந்த ஊரை. இரண்டு நாள்களுக்குப் பின், ஜனவரி 11 இரவில், கனரகப் பீரங்கிகளைத் தளேகாவின் பெருங்குளத்தில் தள்ளிவிட்டு, பொருள்களை எரித்துவிட்டுப் பின்வாங்கினர். அருகிலுள்ள வட்காவில் சூழப்பட்டுச் சரணடைந்தனர்.

வட்காவ் உடன்படிக்கை மராட்டியருக்குப் பெரும் வெற்றி. ஆனால் அதன் பயன் நீடிக்கவில்லை. கல்கத்தாவின் வாரன் ஹேஸ்டிங்ஸ் அதை ஏற்க மறுத்தார், போர் தொடர்ந்தது. 1782இல் சால்பாய் உடன்படிக்கை கையெழுத்தானபோது, மும்பைக்கு ஒட்டிய சால்செட் தீவு ஆங்கிலேயரிடமே தங்கிற்று. மலைமேல் தோற்ற படை தன் துறைமுகத்துக்குத் திரும்பி, அடுத்த போருக்கு ஆயத்தமாக முடிந்தது. அந்தத் துறைமுகத்தை நெருக்கத்தக்க கடல்வலிமை புனேயிடம் இல்லை.

இதற்கு விஜயதுர்க் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1761 பானிபட் தோல்வி, பேஷ்வா குடும்பத்தின் உட்பகை, வங்காளத்தின் வருவாய் ஆங்கிலேயருக்குக் கிடைத்தமை ஆகியவையும் உண்டு. மராட்டியக் கடற்படை 1756இல் முற்றாக மறைந்ததென்பதும் சரியன்று. விஜயதுர்க்கைத் தளமாகக் கொண்டு பேஷ்வாவின் கடற்படை தொடர்ந்து இயங்கியது. 1783 ஏப்ரலில் ஆனந்தராவ் துளப் தலைமையில் அது ‘ரேஞ்சர்’ என்ற ஆங்கிலக் கப்பலையே பிடித்தது. இழந்தது கப்பல்களை மட்டும் அன்று. கடலையே தன் முதல் தொழிலாகவும் வருவாயாகவும் கொண்ட, தனித்து முடிவெடுக்கும் ஒரு தலைமையை. பேஷ்வாவுக்குக் கட்டுப்பட்ட கடற்படை இருந்தது. கடலிலிருந்து அரசியலைப் பார்க்கும் ஆங்கரே இல்லை.

5. இருபத்துநான்கு நாள்கள்

மும்பையில் 1750இல் உலர்துறை கட்டப்பட்டது. சூரத்திலிருந்து வந்த பார்சி குடும்பமான வாடியாக்கள் அங்கே தேக்கு மரத்தில் கப்பல் கட்டினர். அத்துறையில் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய போர்க்கப்பல், இலங்கைத் துறைமுகமான திருகோணமலையின் பெயரைத் தாங்கி, 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறங்கியது. இருபத்துநான்கு நாள்கள் கழித்து, நவம்பர் 5 அன்று, புனே அருகே கட்கியில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை தோற்றது. அடுத்த ஆண்டு பேஷ்வா ஆட்சி முடிவுற்றது.

அக்கப்பல் இன்றும் மிதக்கிறது. 1897இல் உடைப்பதற்கு விற்கப்பட்ட அதை ஜெஃப்ரி வீட்லி காப் என்பவர் வாங்கி, ‘ஃபூத்ரோயான்’ என்று பெயர் மாற்றினார். ஃபால்மவுத்திலும் பின்னர் போர்ட்ஸ்மவுத்திலும் நங்கூரமிட்டு நின்ற அக்கப்பல், 1986 வரை இளைஞர்களின் பயிற்சிக் கப்பலாகவும் விடுமுறைத் தங்கலாகவும் இருந்தது. இப்போது ஹார்ட்டில்பூலில் பழைய பெயருடன் அருங்காட்சியகக் கப்பலாக நிற்கிறது. இந்தியத் தேக்கும் இந்தியத் தச்சரின் உழைப்பும் அதில் உள்ளன. வடிவமோ பிரிட்டிஷ் கடற்படையின் வடிவம். கொங்கணத்தின் குராப் ஒன்றுகூட இவ்வாறு நமக்கு எஞ்சவில்லை.

6. இன்றைய பாய்மரங்கள்

இந்தியக் கடற்படை இன்றும் பாய்மரக் கப்பல்களில் பயிற்சி அளிக்கிறது. கோவா கப்பல் கட்டுந்தளத்தில் உருவாகி 1997 நவம்பரில் பணியில் சேர்ந்த ‘தரங்கிணி’க்கு மூன்று பாய்மரங்கள், நீளம் 54 மீட்டர். 2003–04இல் அது உலகைச் சுற்றிவந்தது. 2012இல் ‘சுதர்ஷினி’ சேர்ந்தது. இயந்திரக் கப்பலில் பணியாற்றப்போகும் இளைஞருக்குப் பாய்மரம் எதற்கு என்ற கேள்விக்கு விடை, காற்றையும் நீரோட்டத்தையும் உடலால் அறிவதும், கூடி வேலைசெய்யும் பழக்கமும். இவ்விரு கப்பல்களும் மேலைநாட்டுப் ‘பார்க்’ வகையைச் சேர்ந்தவை. வடிவமைத்தவர் பிரிட்டனின் காலின் மூடி. இந்திய வடிவம் ஒன்றை மீட்டெடுக்க முனைந்தபோது, 2025இல் கடற்படையில் சேர்ந்த ‘கௌண்டின்யா’வுக்கு மாதிரியாக அமைந்தது, அஜந்தாக் குகையில் தீட்டப்பட்ட ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பல் ஓவியம். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அக்கப்பலை உருவாக்கியவர்கள் கேரளத் தச்சர்கள்.

பெயர்களிலும் வரலாறு பேசப்படுகிறது. தளேகாவிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில், லோணாவளாவில், 1945இல் தொடங்கப்பட்ட கடற்படைப் பொறியியல் பயிற்சி நிலையத்தின் பெயர் ஐ.என்.எஸ். சிவாஜி. மும்பையின் கடற்படைத் தளம் 1951 முதல் ஐ.என்.எஸ். ஆங்கரே. 2022இல் கடற்படைக் கொடியில் சிவாஜியின் முத்திரையைத் தழுவிய எண்கோண வடிவம் இடம்பெற்றது. சிவாஜி, ஆங்கரே, இன்றைய கடற்படை என்று நேர்கோடாக ஒரு மரபு இவ்வாறு வரையப்படுகிறது.

அம்மரபில் பெருமைக்கு இடமுண்டு. ஆனால் அந்த நேர்கோடு 1756இல் அறுந்ததையும், அறுத்த கைகளுள் ஒன்று புனேயின் கை என்பதையும் அது மறைக்கிறது. கடல் வரலாற்றை அயலாருக்கு எதிரான வீரமாக மட்டும் எழுதினால், உள்நாட்டில் அதிகாரம் குவிந்த விதம் கண்ணுக்குப் படாது. ஒரு பதவியை அடக்குவதற்காக அதன் திறனையும் சேர்த்து அழித்துவிடும் போக்கு பதினெட்டாம் நூற்றாண்டுக்கு மட்டும் உரியதன்று. சோழர் கடற்படையைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் இக்கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: கப்பலைச் செலுத்தியவர் யார், அவருக்கும் அரசுக்கும் இடையே என்ன உடன்பாடு, அது எப்போது முறிந்தது?

விடை தேடுவதற்கான மூலங்கள் குறைவாக இல்லை. புனேயின் பேஷ்வா தப்தரில் மோடி எழுத்து ஆவணங்கள் பெருந்திரளாக உள்ளன. போர்த்துகீசியர் விட்டுச்சென்ற கோப்புகள் கோவாவில் உள்ளன. தஞ்சை மராட்டியர் காலத்து மோடி ஆவணங்களைப் படிக்கும் பயிற்சி தமிழ்நாட்டிலேயே பெறத்தக்கது. அப்பயிற்சியுள்ள தமிழ் மாணவர் ஒருவர் கொங்கணத்தின் கடல் ஆவணங்களுக்குள் செல்ல எழுத்து ஒரு தடையாக இராது. தாபாடே குடும்பத்தையும் ஆங்கரே குடும்பத்தையும் ஒரே ஆய்வில் வைத்துப் பார்க்கும் பணி, அத்தகைய ஒருவருக்காகக் காத்திருக்கிறது.